சிந்துபாதின் ஏழு பயணங்களும் ஒரு சால்வையும்



ஊசிப் பின்னல் என்றதும் நம் வட்டாரத்துப் பெண்களின் நினைவு கொடைக்கானலுக்குத்தான் ஓடும். மலைக்குச் செல்லும் வழியின் அடிவாரத்தில், நிலக்கோட்டை வெயிலில் வாழும் நமக்குக் கம்பளி எதற்கு என்று கேட்பது நியாயமே. ஆனால் அந்தக் கலை கம்பளிக்கு மட்டும் உரியதன்று. மெல்லிய பருத்தி நூலில் துளைத் துளையாகப் பின்னப்படும் லேஸ் சால்வை கோடைக்காலத்திலும் தோளில் பாரமாக இராது. தவிரவும், விடியுமுன் பறித்த மல்லிகை மொட்டுகளைச் சந்தைக்காகச் சரம் கட்டிப் பழகிய விரல்கள் நம்முடையவை. இரண்டு ஊசிகளைப் பிடிக்க அவ்விரல்களுக்கு நெடுநாள் பயிற்சி வேண்டியதில்லை.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். லேஸ் என்பதே துளைகளால் ஆனது. ஆகையால் அது தொழுகைக்குரிய மேலாடை ஆகாது. நிக்காஹ் நாளில் மணமகளின் ஆடைமீது போர்த்தவும், புதிதாய்ப் பிறந்த பேரக்குழந்தையைத் துணியில் பொதிந்து அதன்மேல் விரிக்கவும், அன்பளிப்பாகக் கொடுக்கவும் உகந்தது.

இம்மாதம் நான் எடுத்துக்கொண்டது கதையிலிருந்து சால்வை வடிக்கும் கலை. மேலைநாடுகளில் இது பெரிதும் பரவியிருக்கிறது. டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட மோதிரக் கதையைப் படித்தவர்கள், அதில் வரும் காடுகளையும் விண்மீன்களையும் அரசகுமாரிகளையும் மனத்தில் கொண்டு சால்வைகளை வடிவமைக்கின்றனர். கதைமாந்தரின் பெயரையே சால்வைக்குச் சூட்டி, பின்னும் முறையை எழுதி விற்கின்றனர். நாம் அக்கதையைத் தேடி அலைய வேண்டியதில்லை. மாயக்கதை என்றால் பாக்தாதுக்கு மிஞ்சியது எது? சிந்துபாதை அறியாத பிள்ளை நம் வீடுகளில் உண்டா? தினத்தந்தியில் 1960 இல் தொடங்கிய 'கன்னித்தீவு' அறுபது ஆண்டுகளைக் கடந்தும் முடியவில்லை என்பது ஊரறிந்த வேடிக்கை. மூலக்கதையில் சிந்துபாதுக்கு ஏழே பயணங்கள்தாம். ஆரம்பத்தில் தனியாக வழங்கிவந்த அக்கதையை ஆயிரத்தோர் இரவுகளுக்குள் சேர்த்தவர், 1704 முதல் அந்நூலைப் பிரெஞ்சில் வெளியிட்ட காலான்ட் என்னும் அறிஞர்.

ஏழு என்ற எண்தான் என்னை இந்தச் சால்வைக்கு இழுத்தது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் என்னும் பின்னல் ஆசிரியை, 1974 இல் வெளியிட்ட நூலில் வட்டச் சால்வைக்கு மிக எளிய கணக்கொன்றைத் தந்தார். வட்டத்தின் ஆரம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதையே ஊசியில் ஏற்றினார் அந்த அம்மையார். 9 கண்ணிகளில் தொடங்கி ஒரு சுற்றுப் பின்ன வேண்டும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு நூல்சுற்று சேர்த்து 18 ஆக்கி, 3 சுற்றுகள். பிறகு 36 ஆக்கி 6 சுற்றுகள். 72 ஆக்கி 12. 144 ஆக்கி 24. 288 ஆக்கி 48. கடைசியாக 576 ஆக்கி 96 சுற்றுகள். எண்ணிப் பாருங்கள், ஏழு வளையங்கள்! இரட்டிக்கும் சுற்றைத் தவிர வேறெங்கும் கண்ணி கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை. ஆகையால் ஒவ்வொரு வளையமும் நம் விருப்பம்போல் நிரப்பிக்கொள்ள வாய்த்த வெற்றுத் தாள்.

லேஸின் சூட்சுமத்தைத் தெரிந்துகொண்டால் அந்தத் தாளில் எழுதலாம். ஊசியில் நூலை ஒருமுறை வெறுமனே சுற்றினால் ஒரு துளை விழும்; கண்ணியும் ஒன்று கூடிவிடும். கூடியதை ஈடுசெய்ய, அருகிலேயே இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். நேராகச் சேர்த்தால் அது வலப்புறம் சாயும். கண்ணிகளைத் திருப்பிச் சேர்த்தால் இடப்புறம் சாயும். துளையும் சாய்வுமாகிய இவ்விரண்டைக் கொண்டே இலை, அலை, வைரம், மலை யாவும் உருவாகின்றன. பிள்ளைகளின் கணக்கு நோட்டிலுள்ள கட்டத்தாளை எடுத்து, துளைக்கு ஒரு வட்டமும் சேர்ப்புக்கு ஒரு சாய்கோடும் இட்டு வரையுங்கள். ஒரு வரியில் எத்தனை வட்டமோ அத்தனை சாய்கோடு இருந்தால் கணக்குச் சரி.

இனி, சிந்துபாதுடன் கப்பலேறுவோம். முதற்பயணத்தில் அவன் தீவென்று நினைத்து இறங்கிய நிலம் ஒரு பெருமீனின் முதுகு. சால்வையின் நடுவிலுள்ள முதல் மூன்று வளையங்களும் சேர்ந்தே உள்ளங்கை அகலம்தான் வரும். அங்கே பூவேலைக்கு இடமில்லை. அதை அப்படியே வெறுமையாக விட்டுவிடுங்கள். சுற்றிலும் துளைகள் சூழ்ந்த அந்தச் சிறு திட்டுதான் தீவு. இரண்டாம் பயணம் வைரப் பள்ளத்தாக்கு. 72 கண்ணி வளையத்தில், 12 கண்ணிக்கு ஒன்றாக ஆறு வைரங்கள் அமையும். மூன்றாம் பயணத்தில் மனிதரைத் தின்னும் அரக்கன் வருகிறான். நான்காம் பயணத்தில் இறந்த மனைவியோடு கணவனையும் உயிருடன் புதைக்கிறார்கள். மணமகளின் தோளில் இவை எதற்கு? இரண்டையும் கடலாக மாற்றிவிட்டேன்.

இந்தக் கடலுக்கு ஸ்காட்லாந்தின் வடக்கேயுள்ள ஷெட்லாந்து தீவுப் பெண்கள் நமக்கு உதவுகிறார்கள். மோதிரத்துக்குள் நுழைத்து எடுக்கத்தக்க மெல்லிய சால்வைகளைப் பின்னிய அவர்கள், தங்களைச் சூழ்ந்த கடலையே பின்னலில் கொண்டுவந்தார்கள். கரையில் அலை விட்டுச் செல்லும் வரிகளை ஒத்த அவர்களுடைய பழைய பின்னல் ஒன்று 18 கண்ணிகளும் நான்கு சுற்றுகளும் கொண்டது. முதலிரண்டு சுற்றுகள் வெறும் நேர்ப்பின்னல். மூன்றாவதில், இரண்டிரண்டாகச் சேர்ப்பது மூன்று முறை. நூல்சுற்று ஒன்று, கண்ணி ஒன்று என ஆறு முறை. மீண்டும் இரண்டிரண்டாகச் சேர்ப்பது மூன்று முறை. நான்காவது மறுபின்னல். 144 கண்ணி வளையத்தில் இது எட்டு முறை அடங்கும். 24 சுற்றுகளில் ஆறு அலைவரிசைகள் எழும். 18 கொண்டு போனோம், 18 கொண்டு வந்தோம் என்று ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் பயணத்தில், சிந்துபாத் குரங்குகள்மீது கல்லெறிய அவை தேங்காய்களைப் பறித்து வீசுகின்றன. அத்தேங்காயை விற்று மிளகு வாங்குகிறான். இதைப் படிக்கும்போதெல்லாம் அவன் நம் பக்கத்துக் கடற்கரைகளுக்குத்தான் வந்திருப்பானோ என்று எனக்குத் தோன்றும். 288 கண்ணி வளையத்துக்கு 16 கண்ணி கொண்ட இலையைத் தேர்ந்தால், மிளகுக் கொடிபோல் பதினெட்டு இலைகள் சுற்றிவரும். ஆறாம் பயணம் ஸரந்தீப். ஆதம் மலையை அவன் கண்டுவந்த இலங்கை. கடைசி வளையம் முழுவதும் அம்மலைக்கே உரியது. 24 கண்ணிக்கு ஒன்றாக இருபத்துநான்கு சிகரங்கள். ஏழாம் பயணத்தை ஓரத்துக்கு வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருவோம்.

உருவம் இல்லாமல் கதை சொல்ல முடியுமா என்று சிலர் தயங்கலாம். ருக் பறவையை வரைய வேண்டியதில்லை. வெள்ளைக் குவிமாடம்போல் கிடந்த அதன் முட்டை போதும். அகமதாபாத்தில் 1572-73 இல் எழுந்த சிதி சையத் பள்ளிவாசலின் கல் சாளரத்தைப் படத்திலேனும் பாருங்கள். ஒரு மரமும் அதன் கிளைகளும் ஒளி புகும் துளைகளாலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன. கல்லில் ஆனது நூலில் ஆகாதா?

உழைப்பின் கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முழுச் சால்வைக்கு எழுபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள். அவற்றில் 55,296 கடைசி வளையத்திலேயே இருக்கின்றன. அதாவது வேலையில் முக்கால் பங்கு. ஐந்து வளையம் முடித்ததும் பாதி தாண்டிவிட்டோம் என்று மகிழ்பவர்களுக்குத்தான் கன்னித்தீவு நினைவுக்கு வரும். எனவே முதன்முறை பின்னுபவர் 288 வளையத்தோடு நிறுத்துவது நலம். ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று சுற்றுகள் விழும் நூலானால், அது 66 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள விரிப்பாகும். நிக்காஹ் சீர்த்தட்டை மூட அதைவிட அழகான துணி கடையில் கிடைக்காது. முழுச் சால்வையானால் 130 சென்டிமீட்டர் வரும்.

நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி இனிமேல்தான். இக்கதையில் சிந்துபாத் இருவர். ஒருவன் பயணம் செய்து கதை சொல்லும் செல்வன். மற்றவன் அவன் வாசலில் சுமையை இறக்கிவைத்துக் கேட்கும் கூலியாள். நம் நாட்டு லேஸின் வரலாறு பெரும்பாலும் இரண்டாமவனின் வரலாறாகவே இருந்திருக்கிறது. 1820 ஐ ஒட்டி நாகர்கோவிலில் இங்கிலாந்து மிஷனரிகளின் மனைவியர் லேஸ் கற்பித்தனர். அங்கிருந்த மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844 இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு அதைக் கொண்டு சென்றார். அது திண்டின்மேல் குண்டூசிகள் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போடும் வகை. ஏழைப் பெண்களுக்கு வருவாய் தந்த நல்ல தொழில்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பூவேலையின் மாதிரி சீமையிலிருந்து வந்தது. விரல் மட்டுமே நம்முடையது. ஆந்திராவின் நரசாப்பூரில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களை ஆராய்ந்து மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1982 இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் உழைக்கும் அப்பெண்களை, 'வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்பவர்கள்' என்று கருதியே மிகக் குறைந்த கூலி தரப்பட்டதை அவர் எடுத்துக்காட்டினார். உலகச் சந்தையில் விற்ற சரக்கு அது!

பூக்கட்டும் கூலியை அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று. முழத்துக்கு இவ்வளவு என்று கிடைப்பது விரலுக்கான கூலி. எனக்குத் தெரிந்த பெண்ணொருத்தி, தானே யோசித்துப் பின்னிய மேசைவிரிப்பை வெளியூர் வியாபாரி ஒருவரிடம் மாதிரிக்கென்று கொடுத்தாள். ஆறு மாதத்தில் அதே பூவேலை வேறு பல கைகளில் ஏறிவிட்டது. அவளுக்குக் கிடைத்தது ஒரு விரிப்பின் விலை. கேட்டதற்கு, "பூ யார் போட்டால் என்னம்மா, பின்னினதுக்குக் காசு குடுத்தாச்சே" என்றாராம் அவர்.

ஆகவே, கட்டத்தாளில் வரைந்ததைப் பத்திரப்படுத்துங்கள். தேதியும் பெயரும் எழுதி வையுங்கள். முற்றிலும் புதிய வடிவமாயின் 2000 ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்யவும் வழியுண்டு; ஆனால் அது பொதுவில் வெளியாகும் முன்பே விண்ணப்பித்தாக வேண்டும். இதே நியாயம் நமக்கும் பொருந்தும். அலையும் வைரமும் தலைமுறைகளின் பொதுச்சொத்து. ஒருவர் உழைத்து எழுதி விற்கும் சால்வை முறையை நகலெடுத்து நான்கு பேருக்குக் கொடுப்பது அப்படியல்ல. அமானிதம் பேணுவோர் அதைச் செய்யலாகாது.

ஓரத்துக்கு வருகிறேன். ஏழாம் பயணத்தின் முடிவில் சிந்துபாத் இனிக் கடலேறுவதில்லை என்று உறுதிபூண்டு வீட்டோடு தங்குகிறான். நம் சால்வையும் நிலக்கோட்டைக்குத் திரும்புகிறது. ஓரத்தில் மல்லிகை மொட்டு. எஸ்தோனியா நாட்டின் ஹாப்சலு என்னும் கடற்கரை ஊரில், சால்வைகளில் பள்ளத்தாக்கு லில்லியின் மொட்டுகளைப் பின்னும் முறை புகழ்பெற்றது. ஒரே கண்ணிக்குள் ஏழு முறை நூலெடுத்து, அடுத்த சுற்றில் ஏழையும் ஒன்றாகச் சேர்த்தால் உருண்டையான மொட்டொன்று எழும். கம்பளி இழுத்தால் நீளும், பருத்தி நீளாது. ஆகையால் நாம் ஐந்தோடு நிறுத்துவதே கைக்கு எளிது. நூலைச் சற்றுத் தளர்வாகவும் விடுங்கள். இந்த ஓரம், சால்வையின் 576 கண்ணிகளைப் பக்கவாட்டில் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டே செல்லும். இரண்டு வரிக்கு ஒரு கண்ணி என்றால், மொத்தம் 1152 வரிகள். 12 வரிக்கு ஒரு முனை வைத்தால் 96 முனைகள். முனைக்கு ஒரு மொட்டு.

நடுப்பகுதிக்கு இருமுனை ஊசிகள் ஐந்தும், கண்ணிகள் பெருகியபின் நீண்ட வட்ட ஊசியும் தேவை. பின்னி முடித்ததும் சால்வை கசங்கிய வலைபோல்தான் தோன்றும். மனம் தளர வேண்டாம். நனைத்துப் பிழிந்து, நீர்த்த அரிசிக் கஞ்சியில் தோய்த்து, பாயின்மேல் வெள்ளைத் துணி விரித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக இழுத்து, ஒவ்வொரு முனையிலும் துருப்பிடிக்காத குண்டூசி குத்துங்கள். வெயிலில் வேண்டாம், மின்விசிறிக் காற்றே போதும். ஓர் இரவு உலர்ந்தபின் ஊசிகளைக் கழற்றுங்கள். ஓரத்துக்கான கட்டப்படம் இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில்.