நோட்டுப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

அட்டைகள் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை வெட்டி எடுத்தவை. அதன்மேல் மெல்லிசாக வாசலின் தடவியிருந்தது. மயிலம் சாலை டீக்கடை ஓரத்தில் ஒன்று, பள்ளிச் சுவரில் ஒன்று, வீட்டுத் தென்னை மரத்தில் ஒன்று என்று தினமும் காலையில் கட்டுவது. மறுநாள் அவிழ்த்து, ஓர் அங்குலச் சதுரத்துக்குள் எத்தனை தூசிப்புள்ளி ஒட்டியிருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவது. மூன்று இடம், 21 நாள், 63 அட்டை. புதுச்சேரியின் தொழிற்பேட்டை ஊரான சேதராப்பட்டிலிருந்து வந்திருந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் வேலை இது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிவியல் கண்காட்சிக்கு நம் ஆசிரியர் குழுவில் ஒருவர் நடுவராகப் போயிருந்தபோது பார்த்தது.

அவனுடைய நாற்பது பக்க நோட்டில் ஒரு நாள் இப்படி எழுதியிருந்தது: இன்று மழை, மூன்று அட்டையும் நனைந்துவிட்டது, கணக்கில் சேர்க்கவில்லை. இன்னொரு பக்கத்தில்: ஞாயிற்றுக்கிழமை புள்ளி குறைவு, கம்பெனி லீவு, ஆனால் லாரியும் அதிகம் ஓடவில்லை, எதனால் குறைந்தது என்று தெரியவில்லை.

இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் ஒன்றின்மேல் மட்டும் பழி போடக் கூடாது என்பது ஆராய்ச்சியில் பெரியவர்களே அடிக்கடி சறுக்கும் இடம். பதின்மூன்று வயதுப் பையன் அதைத் தானாகக் கண்டு, தெரியவில்லை என்று எழுதவும் துணிந்திருக்கிறான். பரிசு, கை நீட்டினால் தானே மூடி திறக்கும் குப்பைத்தொட்டிக்குப் போனது. மூடி எப்படித் திறக்கிறது என்று கேட்டதற்கு, அதைச் செய்தவனாகச் சொல்லப்பட்ட மாணவன் மனப்பாடம் செய்திருந்த பத்தியை முதலிலிருந்து மறுபடி ஒப்பித்தான். நடுவர்களுக்குக் கொடுத்த மதிப்பெண் தாளில் தோற்றம், புதுமை, விளக்கும் திறன் ஆகியவற்றுக்குக் கட்டம் இருந்தது. நோட்டுக்குக் கட்டம் இல்லை.

யாரோ ஒரு நடுவரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. நம் கண்காட்சிகளின் விதிகள் இறுக வேண்டிய இடத்தில் தளர்ந்தும், தளர வேண்டிய இடத்தில் இறுகியும் கிடக்கின்றன. சார்ட் எத்தனை, மேசை எவ்வளவு அகலம், தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் உண்டா என்பதிலெல்லாம் கறார். செய்தது யார், செய்தது பாதுகாப்பாக நடந்ததா, எத்தனை நாள் நடந்தது என்பதில் கண்டும் காணாமலும் போகிறோம்.

மேடைகளுக்குக் குறைச்சல் இல்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 1971 முதல் குழந்தைகளுக்கான தேசிய அறிவியல் கண்காட்சியை நடத்துகிறது. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993இல் தொடங்கியது. அதைத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பள்ளி பள்ளியாக எடுத்துச் சென்றவை அறிவியல் இயக்கங்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் இருக்கிறது. பெங்களூரு விசுவேசுவரய்யா அருங்காட்சியகம் முன்னின்று நடத்தும் தென்னிந்திய அறிவியல் கண்காட்சிக்கு 2025 ஜனவரியில் புதுச்சேரியே விருந்தோம்பியது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு அந்த வாரியத்தின் மண்டலக் கண்காட்சியும் நம் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாசல் ஒன்றுதான்: பள்ளி அலுவலக அறை.

இன்ஸ்பயர் மானக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளி ஐந்து யோசனைகள் வரை இணையத்தில் பதியலாம். தேர்வானால் 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகும். பணம் நேராகப் பிள்ளைக்குப் போக வேண்டும் என்று நினைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்த ஐந்து பேர் யார் என்பதைப் பள்ளிதான் முடிவு செய்கிறது. பள்ளி அந்தத் தளத்தைத் திறக்கவே இல்லையென்றால் பிள்ளைக்கு வேறு வழி கிடையாது. பெயரில் வங்கிக் கணக்கு இல்லாதவன், ஆதாரில் ஒரு எழுத்து பிசகியவள் ஆகியோரைக் கடைசி நேரத்தில் அலைய விடுவதைவிட, சிக்கலில்லாத இன்னொரு பெயரைப் பதிந்துவிடலாமே என்று ஓர் ஆசிரியர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவருக்கும் அன்று சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டிய வேறு நாலு படிவங்கள் இருக்கும்.

இந்த வாசல் தேவையே இல்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. தேசியப் புத்தாக்க நிறுவனம் நடத்திய இக்னைட் போட்டிக்கு மாணவர்கள் நேராகவே, தங்களுக்குத் தெரிந்த மொழியிலேயே எழுதி அனுப்ப முடிந்தது, கட்டணம் இல்லை, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைக்கும் இடம் இருந்தது. தெருவில் கரி இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை யோசித்த திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் அந்த இக்னைட் விருதைப் பெற்றவர்தான். 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசும் அளவுக்கு அந்த யோசனை அவரை அழைத்துச் சென்றது.

அடுத்தது காலம். சுற்றறிக்கை பள்ளிக்கு வரும் நாளுக்கும் கண்காட்சி நாளுக்கும் நடுவே பல சமயம் இரண்டு வாரம்கூட இருப்பதில்லை. இரண்டு வாரத்தில் ஒரு பிள்ளை எதைத்தான் அளக்க முடியும்? ஊசுட்டேரியை எடுத்துக்கொள்ளுங்கள். சேதராப்பட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். ஏரியின் ஒரு பாதி புதுச்சேரி, மறு பாதி தமிழ்நாடு. வெயில் காலத்தில் கரை உள்வாங்கும், வடகிழக்குப் பருவமழையில் தளும்பும். அதன் தண்ணீரை மழைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்க ஆசைப்படும் மாணவி ஜூலையிலேயே குறிப்பெடுக்கத் தொடங்கியாக வேண்டும். செப்டம்பர் கடைசியில் அறிவித்து அக்டோபரில் காட்டு என்றால் அவள் என்ன செய்வாள்? நேரம் கொடுக்காத விதி பிள்ளையைக் கடைக்குத்தான் அனுப்பும். சிரிஞ்சும் டியூபும் வைத்த ஹைட்ராலிக் லிஃப்ட், பேக்கிங் சோடா எரிமலை, தெர்மாகோல் மழைநீர் சேகரிப்பு வீடு எல்லாம் பெட்டி போட்டே விற்கிறார்கள். விளக்க உரை உள்ளே அச்சடித்து வரும். அதை வாங்கும் பெற்றோரைக் கேலி செய்வது சுலபம். அவர்களை அங்கே தள்ளிவிட்டது காலண்டர்.

இப்போது விதி தளர்ந்து கிடக்கும் பக்கத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் 1950 முதல் நடக்கும் சர்வதேச அறிவியல் பொறியியல் கண்காட்சியின் விதிகளை வாசித்தால் முதலில் எரிச்சல்தான் வரும். அத்தனை படிவம். ஆனால் எதற்கு என்று பார்த்தால் எரிச்சல் போய்விடும். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு என்றாலும், முதுகெலும்புள்ள விலங்கை வைத்துச் செய்வது என்றாலும், ஆய்வைத் தொடங்கும் முன்பே ஒரு குழு பார்த்து அனுமதி தர வேண்டும். முடித்துவிட்டு வந்து கையெழுத்துக் கேட்க முடியாது. நுண்ணுயிரிகளை வீட்டில் வளர்க்கக் கூடாது. காட்சி மேசையில் உயிருள்ளது எதுவும் கூடாது. உணவு, மண், திரவம்கூடக் கூடாது. நம் ஊர் எரிமலையை அங்கே வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இங்கே ஒரு மாணவன் சாக்கடைத் தண்ணீரைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து, வீட்டுச் சமையலறையில் ஒரு வாரம் ஊறவைத்து, கிருமி வளர்ந்ததைக் காட்டினால் கை தட்டுகிறோம். சேதராப்பட்டு மாதிரி தொழிற்பேட்டை ஊரில் ஆர்வமுள்ள பிள்ளை போய் நிற்கக்கூடிய இடங்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது: கழிவு வாய்க்கால், எரிக்கிற குப்பைமேடு, மதில் ஓரம் கிடக்கும் டிரம். அதைத் தொடலாமா, கையுறை போட்டால் போதுமா, மாதிரியை எங்கே வைக்க வேண்டும், வேலை முடிந்ததும் எங்கே கொட்ட வேண்டும் என்று தொடங்கும் முன்பே யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டாமா? தெருவில் பத்து வீட்டில் போய் உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு வரும் பிள்ளையிடம், அந்தப் பெயர்களைச் சார்ட்டில் போடக் கூடாது என்று சொல்ல ஒரு வரி விதியாவது வேண்டாமா? ஒரு பக்கப் படிவம் போதும். அதைத் தொடக்கத்திலேயே நிரப்பச் சொல்ல வேண்டும் என்பதுதான் முக்கியம்.

உதவி விஷயத்தில் நமக்குள்ள கூச்சமும் போக வேண்டும். அப்பா வெல்டராக இருந்தால் பற்றவைத்துத் தருவார். அக்கா இன்ஜினீயரிங் படித்தால் சர்க்யூட் போட்டுத் தருவாள். இதில் தப்பே இல்லை. தப்பு, மறைப்பதில் இருக்கிறது. அந்த அமெரிக்கக் கண்காட்சியில், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த மாணவருக்கு அங்கே வழிகாட்டியவர், மாணவர் செய்தது என்ன என்று தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். நாமும் கேட்கலாம்: நீ செய்தது என்ன, மற்றவர் செய்தது என்ன, வாங்கியது என்ன, என்ன விலை. எல்லாவற்றையும் தானே செய்ததாகக் காட்டும்படி விதி சொல்லும் வரை பிள்ளை பொய் சொல்லத்தான் பழகும்.

குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு இதில் தனி மரியாதை தர வேண்டும். 10 முதல் 17 வயது வரையுள்ள எவரும் கலந்துகொள்ளலாம், பள்ளிக்குப் போகாதவர்கள் உட்பட. தாய்மொழியில் அறிக்கை எழுதலாம். உள்ளூர்ப் பிரச்சினையாக இருக்க வேண்டும். அன்றாடக் குறிப்பேடு கட்டாயம். காகிதத்தில் இதைவிட நல்ல விதிகளை நாம் பார்த்ததில்லை. நடைமுறையிலோ, அறுபது நாள் குறிப்பும் ஒரே பேனாவில், ஒரே மையில், ஒரு அடித்தல்கூட இல்லாமல் முந்தின ராத்திரி எழுதப்பட்டு வருவதை நடுவர்கள் அறிவார்கள். நோட்டைப் புரட்டி, நனைந்த அட்டையை என்ன செய்தாய் என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். குறிப்பேட்டுக்கும் அதை ஒட்டிய கேள்விகளுக்கும் மொத்த மதிப்பெண்ணில் பாதியைக் கொடுத்தால் முந்தின ராத்திரி நோட்டு ஒரே ஆண்டில் காணாமல் போகும். குழுவை ஐந்து பேரிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் இந்த வகையில் நல்ல மாற்றமே. பேசத் தெரிந்த ஒருவனுக்குப் பின்னால் நான்கு பேர் சும்மா நிற்பது குறைந்தது.

மொழியைப் பற்றிப் புதுச்சேரி தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது. மாஹேயின் பிள்ளை மலையாளத்தில் சிந்திக்கிறது, ஏனாமின் பிள்ளை தெலுங்கில். ஏனாம் இங்கிருந்து 800 கிலோமீட்டருக்கும் மேலே. அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்த பிள்ளையை அரைகுறை ஆங்கிலத்தில் பேச வைத்து மதிப்பெண் போடுவது அநியாயம். அந்தந்த மொழி தெரிந்த ஒரு நடுவரையாவது உட்கார வைப்பது அரசுக்குப் பெரிய காரியமில்லை. சேதராப்பட்டுப் பிள்ளைக்கும் இதே நியாயம்தான். பாடம் ஆங்கில வழிக்கு மாறியிருக்கலாம். டீக்கடை ஓரத்துத் தூசியை அவன் தமிழில்தான் எண்ணினான்.

ஆசிரியர்கள் ஏற்கெனவே மூச்சுத் திணறுகிறார்கள், இதில் முன் அனுமதிப் படிவம், குறிப்பேடு சரிபார்ப்பு என்று இன்னும் சுமையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சுமையைப் பள்ளியிடமிருந்து எடுக்கச் சொல்கிறோம். பிள்ளை ஒரு பக்கத்தில் தன் கேள்வியை எழுதி நேராகக் கல்வித்துறைக்கு அனுப்பட்டும். அறிவியல் இயக்கத் தோழர்கள், பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று புதுச்சேரியில் இதைப் படித்துப் பார்க்க ஆள் பஞ்சம் இல்லை. பதிவுக்குப் பள்ளி முத்திரை வேண்டாம். வயதுக்கு ஒரு சான்று போதும். வங்கிக் கணக்கைப் பரிசு வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். நேராக வாங்கினால் குப்பை குவியும் என்றால் குவியட்டும். அதில் இரண்டு நோட்டுப்புத்தகம் தேறினாலும் லாபம்தான்.

கல்வித்துறையிடம் நாம் கேட்பதில் காசு செலவாகும் விஷயம் அதிகமில்லை. முதலில் தேதி: அடுத்த கண்காட்சிக்கான அறிவிப்பு, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தூசி எண்ணிய அந்தப் பையன் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தான்: காற்று மாறினால் எந்த அட்டையில் புள்ளி கூடும்? அதைச் சோதிக்க ஆனி ஆடியில் அடிக்கும் மேல்காற்றும் வேண்டும், ஐப்பசிக்குப் பிறகு வரும் வாடையும் வேண்டும். அவனுக்குக் கிடைத்தது 21 நாள்.