300 மரமும் ஒரு கத்தியும்

சப்பிரகமுவ மாகாணத்து றப்பர்த் தோட்டங்களிலே, கேகாலைப் பக்கமாயினும் இரத்தினபுரிப் பக்கமாயினும், விடியற்காலையிலேயே பால்வெட்டு ஆரம்பமாகிவிடுகின்றது. வெயில் ஏறினால் மரத்தில் பால் தாராளமாக ஒழுகாது. ஒருவருக்கு ஏறக்குறைய 300 மரங்கள். முதல் மரத்தில் பட்டையைச் சீவி, சிரட்டையைச் சரிபார்த்துவிட்டு, அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். முன்னே வெட்டிய மரங்களெல்லாம் பின்னே சொட்டிக்கொண்டேயிருக்கும். பால் வடிவது பல மரங்களில், கத்தியோ ஒன்றுதான்.

கணினி விளையாட்டு எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு இதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது.

திரையின் மேலிருந்து மழைத்துளிகள் விழ, கீழே ஒரு வாளி அவற்றை ஏந்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துளி ஒன்றாயின் தொல்லையில்லை. அது பக்கவாட்டில் எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எத்தனை வேகம் என மூன்று எண்களை மூன்று மாறிகளில் வைத்தாற் போதும். துளிகள் 20 ஆனதும் பிள்ளை என்ன செய்கிறது? துளி ஒன்று, துளி இரண்டு எனப் பெயரிட்டு 60 மாறிகளை உண்டாக்கி, ஒரே வரிகளை 20 முறை எழுதுகிறது. பதின்மூன்றாம் இடத்தில் ஓரெழுத்துப் பிழைத்தால் அத்துளி வானத்திலேயே தொங்கும். ஒரு கணினியை மூவர் பங்கிட்டுப் பழகுமிடத்தில் அப்பிழையைத் தேடுவதற்குள் மணியடித்துவிடும். "இது எங்களுக்கு வராது, சேர்" என்று பிள்ளைகள் எழுந்து செல்வது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். அன்று காலையில் 300 மரங்களைத் தனியொருத்தியாக வெட்டிவிட்டு வந்த தாயின் பிள்ளையும் அவ்வாறே சொல்கிறது! அத்தாய் ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு விதி வைத்திருக்கவில்லை. விதி ஒன்று, மரங்களின் வரிசை ஒன்று.

நிரலிலும் அவ்வளவே. துளிகள் அனைத்தையும் ஒரு பட்டியலிலே போடுக. பட்டியலில் ஒவ்வொரு துளிக்கும் அதன் மூன்று எண்கள் இருக்கும். "உயரத்தில் வேகத்தைக் கழி" என்னும் விதியை ஒருமுறை மட்டும் எழுதி, பட்டியலின் தலை முதல் கடை வரை அதனைச் செலுத்துக. கணினியும் ஒன்றன்பின் ஒன்றாகவே செய்கிறது. ஆயினும் வினாடிக்கு 60 முறை சுற்றிவருவதால், நம் கண்ணுக்கு எல்லாத் துளிகளும் ஒருங்கே விழுகின்றன. துளிகள் 20 ஆனாலும் 200 ஆனாலும் நிரல் நீள்வதில்லை.

இனி ஒரு நுட்பம். வெட்டும்போதே யாரும் பால் சேர்ப்பதில்லை. எல்லாம் வெட்டியபின் வாளியோடு மறுநடை நடப்பர். அதுபோல், முதற்சுற்றில் எல்லாத் துளிகளையும் நகர்த்துக. அடுத்த சுற்றில் வாளியிலே பட்டனவா என்று பார்த்து வரைக.

பட்ட துளியை நீக்குவதிலே இன்னொரு கண்ணி இருக்கிறது. பெரட்டுக்களத்தில் கங்காணி நிற்கும் இடத்தை எண்ணிக்கொண்டே போகும்போது, ஐந்தாமவர் வரிசையை விட்டுப் போக, ஆறாமவர் அவரிடத்துக்கு நகர்ந்தால், கங்காணியின் கணக்கில் அந்த ஆறாமவர் தப்பிவிடுவார். பைதன் மொழியில் பட்டியலைச் சுற்றும்போதே அதிலிருந்து ஒன்றை நீக்கினாலும் இதுவே நேரும். அடுத்த துளி அச்சுற்றில் கவனிக்கப்படாமற் போகும். ஆகையால் சுற்றும்போது அடையாளம் மட்டும் இட்டு, சுற்று முடிந்தபின் நீக்குக. ஸ்கிராட்ச்சில் பழகுவோர்க்கு 2013 முதல் 'நகல்' வசதி உண்டு. ஒரே வேளையில் 300 நகல்களே இருக்கலாம். பால்வெட்டின் கணக்கோடு இஃது ஒத்துப்போவது தற்செயலே. எனினும் எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சி.

1978ஆம் ஆண்டில் ஜப்பானின் தைத்தோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாதோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் 55 பகைவர் அணிவகுத்து வருவர். அக்காலப் பொறியின் வலு சிறிது. திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஒரு பகைவரே நகர்வார். எனவே அணி முழுதும் ஓரடி வைக்க ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். சுடச்சுடத் தொகை குறையும், சுற்றும் குறுகும், எஞ்சியோர் விரைவர். நிஷிகாதோ அதனைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். கடைசியாக எஞ்சிய ஒருவன் திரையில் ஓடும் ஓட்டத்தைப் பிடிக்கவே உலகெங்கும் மக்கள் காசு போட்டுக்கொண்டிருந்தனர்.