அளவையே சுமையானால்

கடைக்கு வருவோரை எண்ணுவதற்கென வாயிலில் நிறுத்திய கணக்கப்பிள்ளை, ஒவ்வொருவரையும் மறித்துப் பெயர் விசாரித்தால் வியாபாரம் என்னவாகும்? கணினியிலும் இதே வில்லங்கம் உண்டு.

கணினியின் முறைவழியாக்கிக்குள் சில எண்ணிகள் உள. நிறைவேறிய கட்டளைகள் எத்தனை, வேண்டிய தரவு அருகிலுள்ள விரைவு நினைவகத்தில் அகப்படாமற்போன தடவைகள் எத்தனை என்பனவற்றை அவை எண்ணிக்கொண்டேயிருக்கும். எண்ணுவதற்குச் செலவு அநேகமாக இல்லை. குறித்த தொகை எட்டியதும் வேலையை இடைமறித்து, அவ்வேளை எக்கட்டளை நடந்தது என்று குறித்துக்கொள்வதே செலவு. அடிக்கடி மறித்தால் விவரம் நுணுக்கமாகும். அளக்கப்படும் வேலையோ நொண்டும். அப்பொழுது நாம் காண்பது நிரலின் வேகத்தையன்று, நமது அளவையின் பாரத்தையே. திருத்த வேண்டிய இடம் ஒன்றிருக்க, வேறொன்றைத் திருத்தப் புகுவோம்.

லினக்ஸ் பணிசெயல் முறைமையின் உட்கருவில் இவ்வளவைக்கென ஒரு பகுதி 2009இல் சேர்ந்தது. 2013இல் அதற்கொரு கடிவாளமும் இடப்பட்டது. இடைமறிப்புக்குச் செல்லும் நேரத்தை உட்கரு தானே அளக்கிறது. முறைவழியாக்கியின் நேரத்தில் 25 சதவீதம் என்ற வழக்கமான வரம்பை அது மீறுமெனக் கண்டால், மாதிரி எடுக்கும் வீதத்தைக் குறைத்துவிடுகிறது. (கால் பங்கு என்பது சற்றுத் தாராளமே! கணினியை நிர்வகிப்பவர் விரும்பினால் வரம்பை இறக்கலாம்.)

இன்டெல் நிறுவனத்தாரின் சில முறைவழியாக்கிகளில் வேறோர் உபாயமும் உண்டு. அவை மாதிரிகளைத் தாமே நினைவகத்தில் எழுதிவைத்து, ஒதுக்கிய இடம் நிரம்பும் வேளையில் மட்டுமே உட்கருவை அழைக்கின்றன.