ரசிகர்களே, கொஞ்சம் சிரிக்க விடுங்கள்

சி.எஸ்.அமுதன் இயக்கிய 'தமிழ்ப்படம்' என்ற பகடிப் படம் 2010-இல் வந்தது. அதில் ஹீரோவின் நண்பர்கள் யார் தெரியுமா? எம்.எஸ்.பாஸ்கர், வெண்ணிற ஆடை மூர்த்தி, மனோபாலா. பெயர்கூட இளம் நடிகர்களின் பெயர்தான்: நகுல், பரத், சித்தார்த்! நரைத்த நாயகர்களைக் கல்லூரி மாணவர்களாகப் பார்த்துப் பழகிய நமக்கு, அந்த நையாண்டிக்கு விளக்கமே தேவைப்படவில்லை. 'லொள்ளு சபா' தொலைக்காட்சி நிகழ்ச்சி ஏற்கெனவே போட்டுத் தந்த பாதை அது. 2018-இல் இரண்டாம் பாகம் வந்தது. அதன்பிறகு சொல்லிக்கொள்ளும்படி ஒரு பகடிப் படம் என் கண்ணில் படவில்லை.

மீம்ஸ் இருக்கும்போது முழுப்படம் எதற்கு என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மீம் ஒரு காட்சியைக் கிள்ளிவிட்டுப் போய்விடும். அறிமுகப் பாட்டு, பஞ்ச் வசனம், தங்கைப் பாசம், கிளைமாக்ஸ் என்று மொத்த ஃபார்முலாவையும் பிரித்து மேய இரண்டு மணி நேரம் வேண்டும்.

பகடிப் படங்களுக்கு உண்மையான தடை பயம்தான். பெரிய நடிகரின் ஸ்டைலைத் தொட்டாலே சமூக ஊடகத்தில் ரசிகர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருகிறார்கள். எந்தத் தயாரிப்பாளர் துணிவார்? 'தமிழ்ப்படம்' ரஜினி, கமல், விஜய் என ஒருவரையும் விடவில்லை. நான் ரஜினி ரசிகன். விழுந்து விழுந்து சிரித்தேன், அவர்மேல் பிரியம் துளியும் குறையவில்லை. இன்றைய நட்சத்திரங்களில் ஒருவராவது, "என்னையும் கலாயுங்கள்" என்று மேடையில் சொல்லட்டும். ரசிகர்கள் தானாக அடங்குவார்கள்.