மூன்று வயதுக் கைக்கு எதற்கு நாலு கோடு?

நம் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் அவற்றில் பாதிகூடத் தெரியாது. மற்றவை இன்னும் எலும்பாகாத குருத்து. அந்தக் கையில்தான் பென்சிலைக் கொடுத்து, நாலு கோடு நோட்டில் கோட்டைத் தாண்டாமல் எழுதச் சொல்கிறோம்.

எல்.கே.ஜி. சேர்க்கைக்காகப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கும் பெற்றோரிடம் இதைச் சொன்னால், "பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு பக்கம் எழுதுதே" என்கிறார்கள். அந்தக் கவலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆங்கிலம் வராமல் நேர்காணல்களில் தலைகுனிந்து திரும்பிய தந்தைக்கு, மகளாவது சீக்கிரம் தொடங்கட்டும் என்று தோன்றத்தான் செய்யும். ஆனால், படிப்பும் எழுத்தும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டுவிட்டோம்.

கதையின் நடுவே "அப்புறம்?" என்று கேட்கும் குழந்தை படிக்கத் தொடங்கிவிட்டது. பல்லாங்குழியின் 14 குழிகளிலும் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டுவரும்போது எண் விரல் வழியாகவே ஏறுகிறது. கொட்டையை எடுக்கும் அதே பிடிதான் பின்னால் பென்சிலையும் பிடிக்கப்போகிறது. நம் திண்ணைப் பள்ளிகள் பிரம்புக்குப் பேர்போனவை. அவற்றைப் புகழ வரவில்லை. ஆனாலும், ஐந்து வயதை ஒட்டி அங்கே சேர்ந்த பிள்ளை முதலில் மணலில் விரலால்தான் எழுதியது. ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான் கைக்கு வந்தன.

1, 2 வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்பதை மத்திய அரசு உறுதிசெய்ய வேண்டும் என 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நவம்பரில் வந்த மத்திய அரசின் சுற்றறிக்கையும் அதையே சொல்லி, இவ்வகுப்புகளுக்குப் புத்தகப் பையின் எடை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. ஒன்றாம் வகுப்புக்கே கூடாத வீட்டுப்பாடம் எல்.கே.ஜி.க்கு எப்படி வருகிறது? கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்கிறோம். பள்ளி நிரம்பிய நோட்டைக் காட்டுகிறது. மணலில் விளையாடிய ஒரு மணி நேரத்தை எந்த நோட்டில் காட்டுவது?

பள்ளி பார்க்கப் போகிறவர்கள், வாசலில் தொங்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பேனரோடு நின்றுவிடாதீர்கள். காலை 11 மணி வாக்கில் எல்.கே.ஜி. வகுப்பறைவரை போய்ப் பாருங்கள். சத்தம் கேட்கிறதா? பிள்ளை தமிழில் ஏதோ சொல்ல வந்தால் ஆசிரியை தடுக்கிறாரா, காது கொடுக்கிறாரா? மணல் தொட்டி இருந்தால், அதில் கை பட்ட தடம் இருக்கிறதா? (காட்சிக்கு வைத்த தொட்டிகளையும் பார்த்திருக்கிறேன்.) எழுத்து எப்போது தொடங்கும் என்று கேளுங்கள். "அஞ்சு வயசு ஆகட்டும், அவசரமில்லை" என்று ஆசிரியை தயங்காமல் சொன்னால், அங்கேயே விண்ணப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.