ஐந்து பக்கம் வேண்டாம், ஒரு பத்தி போதும்

மதுரைப் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் முதல் பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே அசைன்மென்ட் வந்துவிடும். ஏ4 தாள், சுற்றிலும் பார்டர், ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு, குறைந்தது ஐந்து பக்கம். இன்டர்னல் மதிப்பெண்ணில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. உள்ளே இருப்பது யார் கருத்து, எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் எழுதியவருக்கே முழு மதிப்பெண் கொடுத்தோம். கல்லூரிக்குள் வந்ததும் அதே பழக்கத்துக்குக் 'காப்பி' என்று பெயர் வைக்கிறோம். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் பஸ் ஏறி வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வேறு வழியைச் சொல்லித்தர வீட்டிலும் ஆள் இல்லை.

சொல்லித்தர வேண்டியதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கீழடி பற்றி எழுதச் சொன்னால், நம் நாகரிகமே உலகில் மூத்தது என்று தொடங்குவார்கள். மேடைக்கு அது போதும். ஆய்வு நோக்கில் எழுதுபவர் வேறு இடத்தில் தொடங்குவார்: 2018-இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று மாநிலத் தொல்லியல் துறையின் 2019 அறிக்கை சொல்கிறது. அதைக் கொண்டு அந்த மண்ணடுக்கின் காலத்தைப் பேசலாம்; கீழடியில் கிடைத்த எல்லாப் பொருளுக்கும் அதே வயது என்று சொல்ல முடியாது. சான்று எது, சொன்னவர் யார், அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பிரித்தெழுதத் தெரிந்தால் அடிப்படை வந்துவிட்டது.

தமிழ் மாணவருக்கு இது அந்நியமும் அல்ல. பிறர் கருத்துக்கு உடன்படுவது, அதை மறுப்பது, ஏற்பதுபோல் எடுத்துப் பின்பு களைவது, தன் கருத்தை நாட்டி நிறுவுவது, இருவர் முரண்படுமிடத்தில் ஒரு பக்கம் துணிவது முதலான நூலாசிரியரின் ஏழு நிலைப்பாடுகளை நன்னூல் பாயிரம் வகுத்திருக்கிறது. கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் முதலான பத்துக் குற்றங்களும் அங்கேயே உண்டு. தமிழ்த் தாளுக்காக மனப்பாடம் செய்யும் இந்தப் பட்டியலை வைத்து, தன் வரலாற்றுக் கட்டுரையையோ வணிகவியல் கட்டுரையையோ திருத்திப் பார்க்கத்தான் யாரும் சொல்வதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு. தண்டனை மேலே தயாராக இருக்க, பயிற்சி கீழே தொடங்கவே இல்லை.

அறுபது பேர் வகுப்பில் திருத்த நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். ஆளுக்கு ஐந்து பக்கம் என்றால் முந்நூறு பக்கம்; அதனால்தான் கடைசியில் பக்கத்தை எண்ணி மதிப்பெண் விழுகிறது. கேட்ட மாத்திரத்தில் ஐந்து பக்கம் தரும் சாட்ஜிபிடி செல்போனுக்குள் இருக்கும்போது அந்த எண்ணிக்கைக்கும் அர்த்தமில்லை. பத்து வரியில் ஒரு பத்தியை வகுப்பிலேயே எழுத வைக்கலாம். 'இதற்குச் சான்று எங்கே?' என்று ஓரத்தில் குறித்துத் திருப்பித் தரலாம். திருத்தி எழுதிய பிரதிக்கு மட்டும் மதிப்பெண் போடலாம். பருவத்துக்கு மூன்று முறை இப்படிப் பழகியவர், மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்காக ஜெராக்ஸ் கடையில் சீனியரின் பழைய பிரதியைத் தேடிக்கொண்டு நிற்க மாட்டார்.