டிரோன் பார்க்காத அடிமரம்

மாணவர்களே, சித்தியவானிலிருந்து ஆயர் தாவார் பக்கம் பேருந்தில் போகும்போது சன்னலுக்கு வெளியே பாருங்கள். செம்பனை, அதற்கு அப்பாலும் செம்பனை. உங்கள் தாத்தா பாட்டி இளமையில் பார்த்தது வேறு காட்சி. அன்று பல இடங்களில் நின்றவை பால்மரங்கள், கடலோரத்தில் தென்னை. பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன் கத்தியோடு கிளம்பி, தன் நிரையில் உள்ள ஒவ்வொரு மரத்தின் முன்னும் நின்றார். தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். பட்டை காய்ந்தாலும் பால் குறைந்தாலும் அன்றே அவருக்குத் தெரிந்துவிடும்.

செம்பனையில் அது இல்லை. குலை அறுக்க ஒரு நிரைக்கு ஆள் வருவது ஏறக்குறையப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. வந்தாலும் அவர் கண் பழுத்த குலையைத் தேடும். நோயைத் தேட அவருக்கு நேரம் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டத்தில் ஆட்கள் குறைந்தார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். மரத்தைப் பார்க்கும் கண்களும் சேர்ந்து குறைந்ததை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

அந்த இடத்தை நிரப்பத்தான் இப்போது டிரோன் வந்திருக்கிறது. “இனி தோட்டத்தில் இறங்கி நடக்கவே வேண்டாம், எல்லாம் மேலிருந்தே தெரியும்” என்று கண்காட்சிகளில் பேசக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிரோன் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரியாமல் பறக்கவிட்டால் சிறு தோட்டக்காரருக்கு நட்டம் என்பதுதான்.

முதலில் அது நம்மைவிட நன்றாகப் பார்ப்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டி, ஒரு பொத்தானை அழுத்துங்கள். பல கைப்பேசிகளில் திரையில் ஓர் ஒளிப்புள்ளி மின்னும். உங்கள் கண்ணுக்கு அது தெரியாது. அது அகச்சிவப்பு ஒளி. நம் கண் சுமார் 700 நானோமீட்டரோடு நின்றுவிடுகிறது. கேமராவின் உணரி அதைத் தாண்டியும் பார்க்கும். பயிரைப் படமெடுக்கும் டிரோன் கேமரா இந்தத் திறனைத்தான் பயன்படுத்துகிறது.

நலமான இலையில் பச்சையம் சிவப்பு ஒளியை ஒளிச்சேர்க்கைக்காக விழுங்கிக்கொள்கிறது. அண்மை அகச்சிவப்பு ஒளியோ அதற்குத் தேவையில்லை. இலைக்குள் இருக்கும் உயிரணு அடுக்குகளும் காற்றிடைவெளிகளும் அதில் பெரும்பகுதியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. இலை வாடும்போது நிலை மாறுகிறது. சிவப்பு அதிகம் திரும்புகிறது, அகச்சிவப்பு குறைகிறது. இரண்டையும் கழித்து வரும் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது தாவரக் குறியீடு. அகச்சிவப்பு 0.50, சிவப்பு 0.08 என்றால் 0.42 வகுத்தல் 0.58, அதாவது 0.72. அகச்சிவப்பு 0.40, சிவப்பு 0.15 என்றால் 0.25 வகுத்தல் 0.55, அதாவது 0.45. இரண்டாவது மரத்தில் ஏதோ சரியில்லை. அவ்வளவுதான் கணக்கு; படிவம் ஒன்று மாணவரும் போடலாம்.

இது டிரோனோடு பிறந்த அறிவும் அல்ல. அகச்சிவப்புப் படச்சுருளைக் கொண்டு வானிலிருந்து தானியப் பயிர்களின் நோயைக் கண்டறியலாம் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கோல்வெல் 1956-லேயே எழுதினார். 1970-களில் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து மேலே சொன்ன குறியீட்டைக் கணக்கிடத் தொடங்கினார்கள். கண் பழையது. மலிவான இறக்கைதான் புதியது.

செயற்கைக்கோள் இருக்கும்போது டிரோன் எதற்கு என்று கேட்பீர்கள். செம்பனையை 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நட்டால் ஒரு மரத்துக்கு ஏறக்குறைய 70 சதுர மீட்டர் இடம். ஒரு ஹெக்டருக்கு சுமார் 143 மரங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் தரும் படத்தில் ஒரு புள்ளியே 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். ஒரு புள்ளிக்குள் ஒன்றரை மரம் கலந்து கிடக்கிறது. எந்த மரம் நோயாளி என்று எப்படிச் சொல்வது? டிரோன் தாழப் பறந்து 5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் எடுத்தால் அதே மரத்துக்கு 28,000 புள்ளிகள். நம் ஊர் வானத்தில் மேகம் எத்தனை நாள் நிற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் மேகத்துக்கு மேலே, டிரோன் கீழே.

இனி அது பார்க்காததற்கு வருவோம்.

பேராக்கின் கரையோர நிலங்களில் செம்பனை வைத்திருப்பவர்கள் அஞ்சும் பெயர் கானோடெர்மா. அடிமரத்தை அழுகச் செய்யும் பூஞ்சை. மலேசியாவின் மேற்குக் கடலோரத்தில், முன்பு தென்னை இருந்த நிலத்தில் நட்ட செம்பனைகளை இது கடுமையாகத் தாக்குவது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. பழைய கட்டைகளிலும் வேர்களிலும் தங்கி, வேரோடு வேர் தொட்டுப் பரவும். மேலே அறிகுறி தெரியும்போது, குருத்துகள் விரியாமல் ஈட்டிபோல் நிற்கும்போது, அடித்தண்டின் உட்பகுதியில் பாதியாவது அழிந்திருக்கும். குணப்படுத்த மருந்து இல்லை. அடிமரத்தில் தட்டுபோல் முளைக்கும் காளான்தான் தெளிவான அடையாளம். ஆனால் அது முளைக்கும் இடம் மட்டைகளுக்குக் கீழே. மேலே பறக்கும் கேமராவுக்குக் கிடைப்பது மட்டைக் குடை மட்டுமே.

பால்வெட்டுக்காரர் பார்த்தது அடிமரம். டிரோன் பார்ப்பது உச்சி. போன கண்ணின் இடத்துக்கு வந்த கண் வேறு இடத்தைப் பார்க்கிறது.

இதில் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் டிரோன் படம் எடுக்கக் கூலி கொடுக்கிறார். படத்தில் ஒரு மூலை மஞ்சளாகத் தெரிகிறது. உரம் போதவில்லை என்று நினைத்து அங்கே கூடுதலாக உரம் போடுகிறார். 2021, 2022-ஆம் ஆண்டுகளில் உர விலை ஏறிய வேகம் உங்கள் வீட்டில் யாராவது தோட்டம் வைத்திருந்தால் நினைவிருக்கும். அந்த மூலையில் இருப்பது கானோடெர்மா என்றால் அத்தனை உரமும் செத்துக்கொண்டிருக்கும் மரத்துக்குப் போகிறது. மழைநீர் தேங்கியது காரணம் என்றால் வெட்ட வேண்டியது வடிகால். மெக்னீசியம் குறைவு என்றால் போட வேண்டியது வேறு உரம். அப்போது வெயில் படும் பழைய மட்டைகள் ஆரஞ்சு நிறமாகும், நிழலில் இருக்கும் ஓலை பச்சையாகவே இருக்கும். நான்கு காரணத்துக்கும் குறியீடு குறைந்த எண்ணையே காட்டலாம். ‘இங்கே வந்து பார்’ என்பதற்கு மேல் அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை.

வந்து பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மரம் தெரிந்திருக்க வேண்டும். நான் கவலைப்படுவது இங்கேதான். டிரோன் ஓட்டப் பழகுவது பெரிய வித்தை இல்லை. பாதையைக் குறித்துக் கொடுத்தால் அதுவே பறந்து, படமெடுத்து, திரும்பி இறங்கும். மரம் தெரிந்த கண்கள்தான் வயதாகிக்கொண்டு போகின்றன. அவற்றில் பல உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. கணினியும் உயிரியலும் படிக்கும் நீங்கள் அந்தக் கண்களிடம் கேட்டுக்கொண்டால், படத்தை வாசிக்கத் தெரிந்த முதல் தலைமுறையாக இருப்பீர்கள். வெளியூர் நிறுவனம் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும்; அந்த மூலையில் 20 ஆண்டுக்கு முன் தென்னை நின்றதா என்று அதற்கு எப்படித் தெரியும்?

மலேசியச் செம்பனை வாரியத்தின் அதிகாரிகள் சிறு தோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்ல வருகிறார்கள். படத்தோடு அவர்களிடம் போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

ஓர் எச்சரிக்கை. பிறந்தநாளுக்கு டிரோன் கிடைத்தது என்று நாளைக்கே மேலே ஏற்றிவிடாதீர்கள். சித்தியவானில் விமானத் திடல் இருக்கிறது, பக்கத்தில் லுமுட்டில் கடற்படைத் தளம். எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்பதற்கு மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் உண்டு. 400 அடிக்கு மேல் அனுமதியின்றிப் பறக்க முடியாது. நிலத்தை அளந்து வரைபடமாக்கும் வான்படங்களுக்கு நில அளவைத் துறையின் அனுமதியும் வேண்டும்.

அனுமதி வரும்வரை செய்ய ஒரு வேலை இருக்கிறது. செம்பனையின் ஊட்டத்தைச் சோதனைக்கூடத்தில் அறிய 17-ஆவது மட்டையிலிருந்துதான் ஓலை எடுப்பார்கள். தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவரை மரத்தடிக்கு அழைத்துப் போய், அந்த மட்டை எது என்று காட்டச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணமாட்டார். புதிதாக விரிந்ததை 1 என்று வைத்து, 9, 17 என்று கண்ணாலேயே இறங்கி வருவார். ஏன் எட்டெட்டாகத் தாவுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.